ஒரு வினைச்சொல்லுக்கு ஆறு பேர்

எங்கள் வீட்டில் யாரும் இதுவரை ஒரு தலையணை உறையை முழுதாகத் தைத்தது கிடையாது. தொழிலே தலையணை உறை தைப்பதுதான்.

அப்பா துணியை வெட்டுவார். அம்மா மூன்று பக்கம் தையல் ஓட்டுவாள். நாலாவது பக்கத்தில் ஜிப் வைப்பது சித்தப்பா. சித்தி இஸ்திரி போட்டு மடிப்பாள். கல்லூரி இல்லாத நேரத்தில் நான் அதை பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை ஒட்டுவேன். வேன்காரர் வந்து அள்ளிக்கொண்டு போவார். ஜிப்புக்கும் இஸ்திரிக்கும் நடுவில், ஓர் உயரமான ஸ்டூலில், தொங்கும் விளக்குக்குக் கீழே அக்கா உட்கார்ந்திருப்பாள். அவள் செக்கிங். ஒவ்வொரு உறையையும் உள்பக்கம் திருப்பி, இரண்டு கட்டைவிரலாலும் தையலை இழுத்துப் பார்ப்பாள். தையல் பல்லைக் காட்டினால் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, வந்த திசைக்கே திருப்பி வீசுவாள். யார் தைத்தது என்று பார்க்க மாட்டாள். பெற்ற தாய் தைத்ததாக இருந்தாலும் பெருக்கல் பெருக்கல்தான்.

இந்த முறைக்கு அப்பாவிடம் ஒரு தத்துவம் உண்டு. ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஆள் செய்தால் அது வேலை இல்லை, தண்டனை. இதைப் பட்டறையோடு நிறுத்திக்கொண்டிருந்தால் பரவாயில்லை. பட்டறையும் வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் தத்துவம் சமையலறைக்குள்ளும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு டீ போட மூன்று பேர் வேண்டும். சர்க்கரை போடுகிறவர் ஊருக்குப் போயிருந்தால், சர்க்கரை இல்லாத டீயைக் குடிப்போமே தவிர, இன்னொருவர் வேலையில் கை வைக்க மாட்டோம்.

இப்படிப்பட்ட வீட்டில் அக்கா ஒரு காரியம் செய்தாள். வெட்டி மிஞ்சிய துணிகளை ஒட்டுப்போட்டு, காலர், கை, உள்துணி எல்லாம் வைத்து, ஒரு கோட்டைத் தானாகவே முழுதாகத் தைத்தாள். அதைப் படம் எடுத்து, தூர தேசத்து நாடகக் கம்பெனி ஒன்றின் உடை தைக்கும் பிரிவுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு நடிகருக்கு ஓர் ஆள் என்று கணக்காம். தொப்பி முதல் காலுறை வரை அந்த ஆளே தைக்க வேண்டும். ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அவர்கள் கோட்டைப் பார்த்தார்கள், அக்காவைத் திரையில் பார்த்துப் பேசினார்கள், வரச் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அந்த ஊரில் பேசுவது பிரெஞ்சு. அடிப்படைத் தேர்வில் தேறிய சான்றிதழோடு வர வேண்டும். மொழி நிலையத்தில் அடுத்து நடக்கவிருந்த தேர்வில் அவள் தேறவில்லையென்றால், அந்த இடத்துக்கு இன்னொருத்தி தயாராக இருந்தாள். அக்காவுக்கு ஸ்டூல் தயாராக இருந்தது.

அவள் இதைச் சொன்னபோது பட்டறையே நின்றுபோனது. அம்மா காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டாள். எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம்.

"பிரெஞ்சுதானே," என்றார் அப்பா. "நாங்க பாத்துக்கறோம்."

அப்பா எதற்குமே நாங்க என்றுதான் சொல்வார். தனியாகத் தலைவலி வந்தால்கூட நாங்க கொஞ்சம் படுக்கறோம் என்பார்.

அடுத்து என்னைப் பார்த்தார். கல்லூரியில் நான் இரண்டாம் மொழியாக பிரெஞ்சு எடுத்திருந்தேன். அதில் மதிப்பெண் அள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். அள்ளியவர்கள் வேறு யாரோ. ஆனாலும் வீட்டில் அந்த மொழியோடு கைகுலுக்கிய ஒரே ஆள் நான்தான். புத்தகத்தைக் கொண்டுவந்து வெட்டும் மேஜையில் விரித்தேன்.

"வினைச்சொல்லுதான் மொதல்ல. நிகழ்காலம். இதோ பாருங்க, கூப்பே. அப்படின்னா வெட்டறது."

வெட்டுவது என்றதும் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"கடைசியில ரெண்டு எழுத்து இருக்குல்ல, அத எடுத்துடணும். எடுத்துட்டு, நான்னா ஒரு கடைசி, நீன்னா ஒரு கடைசி, அவன்னா ஒண்ணு. இப்படி ஆறு ஆளுக்கும் கடைசி இருக்கு."

"அதாவது," என்றார் அப்பா, "வாலை வெட்டிட்டு வேற வால் தைக்கணும்."

"ஆமா."

"எல்லா வார்த்தைக்கும் இதே அளவுதானா?"

"ஒழுங்கான வார்த்தைக்கெல்லாம் இதே அளவுதான். ஒழுங்கில்லாதது தனியா கொஞ்சம் இருக்கு."

"அந்த ஆர்டர் நமக்கு வேணாம்," என்றார் அப்பா. கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் புது மாடல் தலையணை உறை வந்தால் வரும் பிரகாசம் வந்திருந்தது.

அன்று சாயங்காலத்துக்குள் ஆள் பிரித்தாகிவிட்டது.

'நான்' சித்தப்பாவுக்குப் போனது. இதில் விவாதமே எழவில்லை. சித்தப்பாவின் எந்த வாக்கியமும் வேறு சொல்லில் தொடங்கியதில்லை. 'நீ' சித்திக்கு. சித்தப்பாவைப் பார்த்து ஆள்காட்டி விரலை நீட்டி அவள் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்தாள். 'அவன், அவள்' அம்மாவுக்கு. ஏனென்றால் அம்மா எப்போதுமே அங்கே இல்லாதவர்களைப் பற்றித்தான் பேசுவாள். 'நாங்க' என்றால் அப்பா என்று சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

"இது நாமவா, நாங்களா?"

"பிரெஞ்சுல ரெண்டும் ஒண்ணுதான்பா."

"எப்படிடா ஒண்ணாகும்? வேலைன்னா நாம. லாபம்னா நாங்க." இவ்வளவு பெரிய மொழியில் இதைக்கூடப் பிரித்து வைக்கவில்லையே என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார்.

அம்மாவுக்கு வேறு சந்தேகம். "அவன் இருக்கு, அவள் இருக்கு. அது எங்கடா?"

"அது கிடையாதும்மா. சாமானுக்கெல்லாம் ஆணு பொண்ணுதான். மேஜை பொண்ணு."

அம்மா வெட்டும் மேஜையைப் பார்த்தாள். அதன்மேல் துணிச் சுருள்கள், டப்பாக்கள், அப்பாவின் முழங்கை, நேற்றைய டீ டம்ளர் எல்லாம் இருந்தன. "பாத்தாலே தெரியுது," என்றாள்.

'நீங்க' மட்டும் பாக்கி இருந்தது. வீட்டில் எல்லாரும் மரியாதையாக நீங்க என்று கூப்பிடும் ஒரே ஆள் வேன்காரர்தான். அவரிடம் கொடுத்தோம். "எனக்கு லோடு இருக்கு," என்றார். அப்பா ஒரு டீ கொடுத்தார். அந்த டீயை மூன்று பேர் சேர்ந்து போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இவர்களிடம் மறுத்துப் பயனில்லை என்று வாங்கிக்கொண்டார்.

கடைசியில் 'அவங்க'. அது எனக்கு. எழுதும்போது மூன்று எழுத்து, சொல்லும்போது ஒன்றுமே கிடையாது. இதை விளக்கியபோது சித்தி கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"மூணு எழுத்த வாங்கிட்டு வாயத் திறக்காம உக்காந்திருப்பானா? நல்லா இருக்குடா உங்க காலேஜ்."

"நான் மட்டும் இல்ல சித்தி. நீங்க, அம்மா, சித்தப்பா, நான், நாலு பேருக்கும் எழுத்து முன்னபின்ன இருக்கும். சத்தம் ஒண்ணுதான்."

"அப்ப இவரு சொல்றதையேதான் நானும் சொல்லணுமா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து இப்பதான் ரெண்டு பேரும் ஒரே பேச்சு பேசப் போறோம்," என்றார் சித்தப்பா. "நான் ஒத்துக்கறேன்."

அக்காவுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. விளக்குக்குக் கீழே, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். செக்கிங்.

லைன் ஓடத் தொடங்கியது. இப்படி ஒரு வேகத்தைப் பட்டறை பார்த்ததில்லை. அப்பா மேஜையிலிருந்து ஒரு வினைச்சொல்லை எடுத்து, வாலை நறுக்கி, உள்ளே அனுப்புவார். "கூப்பே." ஜிப் மெஷினிலிருந்து சித்தப்பா தொண்டையைச் செருமி, முகவாயைத் தூக்கி, "ஜ கூப்" என்பார். சித்தி அவர் பக்கம் விரலை நீட்டி, "த்யு கூப்." அம்மா குரலைத் தாழ்த்தி, பக்கத்து வீட்டில் நேற்று என்ன நடந்தது என்று சொல்கிற தோரணையில், "இல் கூப், எல் கூப்." அப்பா, ஊருக்கே அறிவிப்பதுபோல், "நு கூப்போன்." அப்புறம் வேன்காரருக்காகக் காத்திருப்போம். அவர் வரும்போது வாசலிலேயே இரண்டு தடவை இருமிவிட்டு "வு கூப்பே" என்பார். சில நாள் லோடு அதிகமாகி அவர் வராமல் போனால், காலையில் வெட்டிய சொல் சாயங்காலம்வரை பாதியில் நின்றிருக்கும். முடிக்கப்படாத சொல்லோடு சாப்பிடுவதும் தூங்குவதும் எங்களுக்குப் பழகிவிட்டது. கடைசியில் நான் வாய்க்குள் எதையோ மென்று, "இல் கூப்" என்று ஒட்டி அனுப்புவேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கட்டைவிரல்கள் பாட்டுக்கு உறையை இழுத்துக்கொண்டிருக்கும். "சித்தப்பா, ஆரம்பம் அழுந்தல. திருப்பு." "அப்பா, கடைசியில மூக்கு வரணும், உங்களுக்கு நாக்கு வருது. திருப்பு." என்னையும் திருப்பினாள், நான் ஒன்றுமே உச்சரிக்காத இடத்தில். "நீ சொல்லாம விடணும். முழுங்கிட்டு விடற. ரெண்டும் வேற." இரண்டும் வேறு என்பது என் பேராசிரியருக்கே தெரிந்திருக்குமா என்று சந்தேகம்.

பேசுவது, தேடுவது, மூடுவது, சுமப்பது என்று சுருள் சுருளாக வெட்டித் தள்ளினோம். வேறு வால் வைத்த இரண்டாவது ரகம் வந்தபோதும் அப்பா அசரவில்லை. "வால்தான் வேற, துணி ஒண்ணுதான்" என்றார். சித்தி கொடியில் துணி உலர்த்தும்போது நீ தேடுகிறாய், நீ மூடுகிறாய் என்று காற்றைப் பார்த்து விரல் நீட்டிக்கொண்டிருந்தாள். வேன்காரர் போக்குவரத்து நெரிசலில் கண்ணாடியை இறக்கிவிட்டு முன்னால் நிற்கிறவர்களிடமெல்லாம் வு, வு என்று சொல்லிப் பார்ப்பதாகக் கேள்வி. வீட்டில் பெருமை தாங்கவில்லை.

தேர்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, சித்தப்பா ஜிப் வாங்கப் போயிருந்தார். பட்டறை சும்மா கிடந்தது. நான் பையை ஒட்டிக்கொண்டே, பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அக்கா, போர்த்தே, சுமக்கறது. சொல்லு பாப்போம்."

அக்கா வாயைத் திறந்தாள். அப்புறம் ஜிப் மெஷினைப் பார்த்தாள்.

"சித்தப்பா இல்லையே," என்றாள்.

"சித்தப்பா எதுக்கு? நீ சொல்லு."

மறுபடியும் வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். மொழி நிலையத்தில் அவள் போய்வந்த வார இறுதி வகுப்பில் என்னதான் செய்தாய் என்று கேட்டேன். வகுப்பில் கூட்டம் அதிகமாம், கடைசி வரிசையாம், எல்லாரும் சேர்ந்து கத்துவார்களாம். அக்கா அங்கேயும் யார் யார் தப்பாகக் கத்துகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஒரு குடும்பமே சேர்ந்து ஒருத்தியைத் தேர்வுக்குத் தயார்படுத்தியதில், வேன்காரர் உட்பட எல்லாரும் பிரெஞ்சு பேசினோம். தேர்வு எழுதுகிறவள் மட்டும் அன்றுவரை ஒரு சொல் பேசியிருக்கவில்லை.

அக்கா ஸ்டூலை விட்டு இறங்கினாள். கையிலிருந்த உறையைச் செக் பண்ணாமலே சித்தி பக்கம் போட்டாள். அப்படி அவள் செய்து நான் பார்த்ததில்லை. "போச்சு," என்றாள். "நான் எங்கயும் போகப் போறதில்ல." குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, தவறு லைனில் இல்லை, தேர்வில் இருக்கிறது என்று முடிவு செய்தார். சட்டையை மாற்றிக்கொண்டு மொழி நிலையத்துக்கே போனார். தேர்வு அறையில் ஆறு பேர் உட்கார இடம் உண்டா என்று விசாரித்திருக்கிறார். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"ஒரு ஆளாதான் வரணுமாம்," என்றார். "ஆறு ஆளு பேச்சையும் ஒரே புள்ள பேசணுமாம். ஈவு இரக்கம் இல்லாத எடம்."

"நான் வேணா கடிதம் எழுதித் தரேன், நான்தான் நான்னு," என்றார் சித்தப்பா.

"யாரும் ஒண்ணும் பண்ண வேணாம்," என்றாள் அக்கா. மறுபடியும் முகம் கழுவிய ஈரத்தோடு வந்து நேராக ஜிப் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். சித்தப்பாவின் நாற்காலியில்.

பட்டறையில் யாரும் இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. சித்தப்பா எழுந்து நிற்கிற மாதிரி ஒரு அசைவு செய்தார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் அது எடுபடவில்லை.

அக்கா தொண்டையைச் செருமினாள். முகவாயைத் தூக்கினாள். "ஜ போர்த்," என்றாள்.

"நான் இங்க இருக்கேன்ல," என்றார் சித்தப்பா. "நான் இருக்கும்போது அவ எதுக்கு நான்?"

"கொஞ்சம் சும்மா இருங்களேன் நீங்க," என்றாள் சித்தி. அதற்குள் அக்கா இஸ்திரி மேஜைக்கு வந்து, சித்தியை இடுப்பால் தள்ளிவிட்டு, விரலை நீட்டி, "த்யு போர்த்" என்றாள். சித்தி சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். அம்மாவின் மெஷின், அப்பாவின் மேஜை, வாசல்படி, என் பைக் குவியல் என்று ஒரு சுற்று. கடைசியில் வாய்க்குள் மென்று "இல் போர்த்." ஒரு சொல் முழுதாக, ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தது. கேட்டதும் எங்களுக்கு ஏதோ வீட்டில் திருட்டுப் போனதுபோல் இருந்தது.

"உன் ஸ்டூல்ல உக்காந்து சொல்லிப் பாரு," என்றேன்.

ஸ்டூலில் ஏறினாள். வாயைத் திறந்தாள். வரவில்லை. இறங்கி சித்தப்பாவின் நாற்காலிக்குப் போனால் வந்தது.

அப்புறம் தேர்வுவரை அதுதான் வேலை. அக்கா பட்டறையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். அவள் வரும்போது எழுந்து இடம் விட வேண்டும் என்று ஏற்பாடு. அம்மா பாதி தையலில் எழுந்துவிடுவாள். உறைகள் கோணலாக வந்தன. செக் பண்ண ஆள் இல்லாததால் எல்லாம் தேறின.

"அங்க ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கும்," என்று ஒருநாள் சொன்னேன்.

"தெரியும். வாய மூடு," என்றாள்.

தேர்வு நாளன்று பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லாரும் வேனில் போனோம். லோடு வைக்கிற இடத்தில் நாங்கள், முன் இருக்கையில் அக்கா. எழுத்துத் தேர்வு காலையிலேயே முடிந்துவிட்டது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. தப்பைக் கண்டுபிடி என்றுதான் பாதிக் கேள்வி, அவளுக்கு அல்வா மாதிரி. பேச்சுத் தேர்வு மத்தியானம். நீளமான தாழ்வாரம், ஒரு பெஞ்சு, ஒரு கதவு. கதவுக்கு மேலே காற்றுக்காக ஒரு கண்ணாடிச் சன்னல், திறந்திருந்தது. அதற்குக் கீழே உட்கார்வதற்காக சித்தப்பா, ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்த ஒரு டை கட்டிய பையனிடம், "தம்பி, அந்தப் பக்கம் காத்து நல்லா வரும்" என்று சொல்லி நகர்த்தினார்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். கதவு மூடியது. நாங்கள் ஆறு பேரும் சன்னலைப் பார்த்துத் தலையைத் தூக்கினோம்.

தேர்வாளர் ஒரு அம்மையார். ஜலதோஷம் பிடித்த குரல். பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டார். மனப்பாடம் பண்ணியதை அக்கா கடகடவென்று ஒப்பித்தாள். காகிதம் புரளும் சத்தம். பிறகு, "ரெஸ்தே. நிகழ்காலம். எல்லா ஆளுக்கும் சொல்லுங்க."

நிசப்தம்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நிசப்தம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது. எழுந்து ஓட இடமில்லாத ஒருத்தி நாற்காலியிலேயே அசைந்த சத்தம். அப்பா எழுந்தார். வேன்காரர் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"ஜ ரெஸ்த்."

சித்தப்பா திடுக்கிட்டுத் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அது அவரேதான். அந்தச் செருமல், அந்தத் தூக்கல், உலகத்தில் தன்னைத் தவிர மற்ற எல்லாம் பின்னணி என்கிற அந்த நிம்மதி. அடுத்தது "த்யு ரெஸ்த்", விரல் நீட்டியது சன்னல் வழியே கேட்டது. விரல் நீட்டினால் சத்தம் வராது என்பீர்கள். எங்கள் சித்தி நீட்டினால் வரும். "இல் ரெஸ்த், எல் ரெஸ்த்" என்று அம்மா அங்கே யாருடைய குடும்பத்தையோ கிசுகிசுத்தாள். "நு ரெஸ்தோன்" என்று அப்பா ஊருக்கு அறிவித்தார். இரண்டு இருமல், "வு ரெஸ்தே". கடைசியில் ஒரு குரல், எல்லாம் தெரிந்த மாதிரியும் எதுவும் சரியாகத் தெரியாத மாதிரியும், வாய்க்குள் எதையோ மென்று, "இல் ரெஸ்த்" என்றது. என் குரல் அப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"நான் அப்படியா பேசறேன்?" என்றார் சித்தப்பா.

அவரவர் கவலை அவரவருக்கு.

அம்மா மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். "ரெஸ்தேன்னா என்னடா?"

"தங்கறது. போகாம இருக்கறது."

"அப்ப நான் தங்கறேன்னு சொன்னாளா?"

"அது சித்தப்பா தங்கறாரும்மா."

அம்மா பெஞ்சை ஒருமுறை நெடுக்கப் பார்த்தாள். "நாம எல்லாரும்தான் தங்கறோம். அவ?"

"அவ அதுல இல்ல."

உள்ளே தேர்வாளர் தும்மினார், அல்லது சிரித்தார். ஜலதோஷத்தில் பிரிக்க முடியவில்லை. "யாரும்மா இவங்கல்லாம்?"

"வெளியில உக்காந்திருக்காங்க," என்றாள் அக்கா.

"சரி. வாய்ப்பாடு சரியா இருக்கு. ஆனா நான் மார்க்கு போட வேண்டியது உங்களுக்கு. உங்களப் பத்தி ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. அந்த தொண்டையச் செருமறவரு இல்லாம."

சித்தப்பாவுக்கு இது அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர் முன்னால் குனிந்து, கதவைப் பார்த்து, உதவி செய்கிற நினைப்பில் "ஜ..." என்று தொடங்கிவிட்டார். சித்தி அவர் வாயைப் பொத்தினாள். விரல் எதுவும் நீட்டவில்லை, முழுக் கையாலும் பொத்தினாள்.

இந்த நிசப்தம் முன்பு இருந்ததைவிட மோசமாக இருந்தது. முன்பாவது எங்களில் யாராவது வருவோம் என்று நம்பிக்கை இருந்தது. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் டை கட்டிய பையன்கூடப் புத்தகத்தை மூடிவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா தன் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஜ கித் லா மெஸோன்."

மெல்லிய குரல். கொஞ்சம் கரகரப்பு, ரொம்ப நாள் திறக்காத ஜிப்பைத் திறந்த மாதிரி. அவசரமில்லை. எங்கள் ஆறு பேரில் அது யாருடையதும் இல்லை.

"யாருடா அது?" என்றாள் அம்மா.

"அக்காம்மா."

"அவ கொரல் இப்படியா இருக்கும்?" கொஞ்ச நேரம் சன்னலையே பார்த்தாள். "என்ன சொன்னா?"

"வீட்டை விட்டுப் போறேன்னு."

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஜலதோஷம் கதவு தாண்டி வந்துவிட்டதுபோல. "தப்பில்லாம சொன்னாளா?"

"தப்பே இல்ல."

"அப்ப சரி," என்றாள்.

கதவு திறந்தது. தேர்வாளர் அம்மையார் கைக்குட்டையோடு முதலில் வந்தார். எங்கள் பெஞ்சின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். சித்தப்பாவிடம் வந்ததும் நின்றார். சித்தப்பா தொண்டையைச் செருமினார். "ஓ," என்றார் அம்மையார், மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லாதவராக. வேன்காரரிடம் மட்டும், "நீங்க அந்தப் பொண்ண நாளைக்கு வந்து சான்றிதழ் வாங்கிக்கச் சொல்லுங்க" என்றுவிட்டுப் போனார். நீங்க என்றதில் வேன்காரர் நிமிர்ந்துவிட்டார்.

அக்கா பின்னால் வந்தாள். வியர்வையில் முன்முடி ஒட்டியிருந்தது. எல்லாரும் அவளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். சித்திதான் முதலில் பேசினாள்.

"ஏண்டி, நான் எப்பவாவது அப்படி மூஞ்சிக்கு நேரா வெரல நீட்டியிருக்கேனா?" என்றாள், அக்காவின் மூஞ்சிக்கு நேராக.

"நான் செருமறதுகூட பரவால்ல," என்றார் சித்தப்பா. "அந்த மொகவாய நீ ரொம்ப தூக்கிட்ட."

"நான் யாரப் பத்தி கிசுகிசுன்னு பேசினேன் சொல்லு," என்றாள் அம்மா. "அந்த பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக் குடுத்தாளா?"

வேனுக்கு நடக்கும்வரை இதே விசாரணைதான். அப்பா மட்டும் அதில் சேரவில்லை. பாதிப் படியில் நின்று, "எப்பக் கெளம்பணும்?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம்பா."

"அப்ப ஆள் பிரிக்கணும். பெட்டி தூக்க இவன். டிக்கெட்டு சித்தப்பா. உள்ள கொண்டுபோய் உக்கார வெக்க அம்மா. எறங்கற எடத்துல யாராவது..." எண்ணிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நின்றுவிட்டார். இறங்குகிற இடத்தில் வைக்க ஆள் இல்லை.

"நானே போய்க்கறேன்பா," என்றாள் அக்கா.

அப்பா யோசித்தார். படியில் ஏறுகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"வேன் வரைக்கும்?" என்றார்.

"வேன் வரைக்கும் வாங்க," என்றாள் அக்கா.